கேட்டால் தெரியும்: ‘தேசியப் பேரிடர்’ என்று ஏன் அறிவிக்க மாட்டேன் என்கிறார்கள்?

(வருவாய்த் துறையில் 30 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேரிடர் நிவாரணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கஜா புயலில் எங்கள் தோப்பில் 140 தென்னை சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு புயலுக்கும் ‘தேசியப் பேரிடராக அறிவியுங்கள்’ என்று கேட்கிறார்கள், மத்திய அரசு அறிவிப்பதே இல்லையே, ஏன் சார்? (பேராவூரணி வாசகி)

அப்படி அறிவிக்கச் சட்டத்தில் இடமே இல்லை, அம்மா. சுனாமிக்கு அடுத்த வருஷம் வந்த 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்த அறிவிப்பு கிடைக்காது. நடைமுறையில் இருப்பது ‘கடுமையான பேரிடர்’ என்ற ஒரு வகைப்பாடுதான்.

பணம் வரும் வழி இதுதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 100 ரூபாய் என்றால் 75 மத்திய அரசுடையது, 25 மாநிலத்துடையது. இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் மத்திய பங்கு 90. இது புயல் வந்தாலும் வராவிட்டாலும் ஒதுக்கப்படும் பணம். அது போதாத அளவுக்குச் சேதம் என்றால் மாநில அரசு மனு அனுப்பும், மத்தியக் குழு வந்து பார்க்கும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எவ்வளவு என்று முடிவெடுக்கும். அதிலும் மாநிலக் கணக்கில் இருக்கும் இருப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், சண்டை போட வேண்டிய இடம் அறிவிப்பு இல்லை, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் நிவாரண விகிதம். கஜா சமயத்தில் மத்திய அரசின் விதிப்படி தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஒரு ஹெக்டேரில் 175 தென்னை என்று கணக்குப் போட்டால் மரத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். மாநில அரசு மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று கூட்டிக் கொடுத்தது. 2022-ல் மத்திய விகிதம் 22,500 ஆனது. அப்போதும் மரத்துக்கு 130 ரூபாய் தேறவில்லை.

அந்த மரங்களை எண்ணியவர்களில் நானும் ஒருவன். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கும்போது தூரை எண்ணுவதா, கொண்டையை எண்ணுவதா என்றே குழம்பிவிடும். எண்ணிய மரத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே போனோம். ஒரு தோப்பில் வயதான அம்மா ஒருவர் கூடவே நடந்து வந்தார். ஒரு மரத்தருகே நின்று, “இது என் மூத்தவ பொறந்தப்ப வச்சது தம்பி” என்றார். நான் சுண்ணாம்பு வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். என் நோட்டில் அதுவும் ஒரு எண்தான். நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அந்த ஆறேழு வருஷத்து வருமானத்துக்கு விதியில் ஒரு வரி கூட இல்லை. எம்.பி.யைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்.

கட்டட வேலையில் வெயில் தாக்கி இறந்தால் நிவாரணம் உண்டா? (திருச்சி வாசகர்)

2021–26 காலத்துக்கான மத்தியப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி என 12 பேரிடர்கள் உண்டு. வெப்ப அலை அதில் இல்லை. ஆனால் மாநிலம் தன் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அப்படித்தான் 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம். சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று மருத்துவர் சான்று வேண்டும். அதனால் துக்கத்தோடு துக்கமாகப் பிரேதப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லாப் பணமும் புயலுக்குப் பிறகுதானா? முன்கூட்டியே எதுவும் செய்ய வழி இல்லையா? (வேதாரண்யம் வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வழி இருக்கிறது. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைப்பது நிதிக்குழு. 15-வது நிதிக்குழு 2021–26-க்குப் பேரிடர் பணத்தை இரண்டாகப் பிரித்தது. 80 சதவீதம் நிவாரணத்துக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு. கரையோரம் மரம் வளர்ப்பது, வடிகால் சீராக்குவது போன்றவை அந்த 20-இல் வரும். நிவாரணம் என்றால் கேட்க ஆயிரம் பேர் வருகிறார்கள், இதைக் கேட்க ஊரில் யாரும் வருவதில்லை.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்னாடியே அப்புறப்படுத்தினார்கள், சாவு ஐம்பதுக்கும் கீழே. நடுவில் 14 வருஷம் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், வானிலை எச்சரிக்கை மேம்பட்டது, கிராமம் கிராமமாகப் பயிற்சி கொடுத்தார்கள். கஜாவில் நம் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கடலோர ஊர்களில் கம்பியைத் தரைக்குக் கீழே கொண்டுபோக ஆகும் செலவைத் திரும்பத் திரும்பக் கம்பம் நடும் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். மாவட்டத்துக்கு ஒரு பேரிடர்த் திட்டம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் உங்கள் ஊருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கிராம சபையில் கேளுங்கள். வேண்டியதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 2018 நவம்பர் 15 சாயங்காலம், ஒரு கடலோர ஊரில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பு மையத்துக்குப் போனோம். நல்ல கட்டடம், பெரிய பூட்டு. சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். கைக்குழந்தையோடு பெண்கள் தூறலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள், கடைசியில் பூட்டை உடைத்தோம். உங்கள் ஊர் மையத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, மாற்றுச் சாவி யாரிடம் என்று ஐப்பசி பிறப்பதற்குள் கேட்டு, போன் நம்பரை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.