ஊசியில் போகும் பொலிமரும் மகளின் கம்பஸ் விண்ணப்பமும்

அக்கா, உங்கள் குரல் பதிவு நீளம் என்றாலும் விஷயம் ஒன்றுதான். மகள் உயர்தரப் பரீட்சையை இரண்டாந்தரம் எடுத்தும் இசட் புள்ளி, அதாவது கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி, மருத்துவ பீடத்துக்குக் காணாது. நீங்கள் மூன்றாந்தரமும் எடு என்கிறீர்கள், அவள் மாட்டேன், தோலைத் திருத்துகிற பொலிமர் பற்றிப் படிக்கப்போகிறேன் என்கிறாள், உங்களுக்கோ பிளாஸ்டிக் படிக்கவா இந்த வெயிலுக்குள் உவர்மலைக்கும் டவுனுக்கும் ரியூசன் ஏற்றி இறக்கினேன் என்ற எரிச்சல்.

அவள் சொல்வது வாளி, கதிரை செய்கிற பிளாஸ்டிக் இல்லை. ஒப்பரேசன் செய்த யாருக்காவது கரைகிற நூலால் தையல் போட்டதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நூல் பொலிமர்தான், அதாவது சின்னச் சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பொருள். அதில் இருப்பது பெரும்பாலும் கிளைகோலிக் அமிலமும், தயிரில் புளிப்பு வருவதற்குக் காரணமான லக்டிக் அமிலமும். உடம்பில் உள்ள நீர் அந்தச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்க, கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாக வெளியே போய்விடும். இதே குடும்பத்துப் பொருளை நுண்துகளாக்கித் தோலுக்கு அடியில் ஊசியால் போடுவதற்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கொடுத்தார்கள், எச்ஐவி நோயாளிகளுக்குக் கொழுப்புக் குறைந்து கன்னம் குழிவிழுந்ததைச் சரிசெய்ய. துகளைச் சுற்றி உடம்பு தானே கொலாஜன் என்ற, தோலைத் தாங்குகிற புரதத்தைக் கட்டிக்கொள்ளும், துகள் கரைந்துபோகும். பிறகு அது அழகுக்காகவும் பாவனைக்கு வந்து நல்ல காசு புரள்கிற தொழிலாகிவிட்டது, அது வேறு கதை.

புண்ணுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். சீனி வருத்தக்காரரின் காலில் வருகிற புண்ணைப் பாருங்கள், மேலே சின்ன வாய், உள்ளே கோணல்மாணலாகக் குடைந்திருக்கும். வெட்டி ஒட்டுகிற எந்தத் துண்டும் அதற்குள் ஒழுங்காகப் பொருந்தாது. திரவமாக உள்ளே போய், இடுக்கெல்லாம் நிரப்பி, அங்கேயே கட்டியாகிற ஒன்று வேண்டும். பாகற்கொடிக்குப் பந்தல் போடுகிற மாதிரி, ஆனால் கொடி படரப் படரத் தானே கரைந்துவிடுகிற பந்தல்.

இதில் மகள் சொன்ன கைட்டோசான் என்பது இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. நம் மீன் சந்தையில் நாறுகிறது என்று கூட்டித்தள்ளுகிற அதே ஓடுதான். அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, கோஸ்டிக் சோடாவில் புரதத்தை நீக்கி, பிறகு இன்னும் செறிவான கோஸ்டிக்கில் சூடாக்கி எடுக்கிறார்கள் (வீட்டுக் குசினியில் செய்து பார்க்கிறேன் என்றால் தயவுசெய்து விடாதீர்கள், கண் போய்விடும்). அதை மெல்லிய அமிலத்தில் கரைத்து, ஐசுக்குள் வைத்துக் கலக்கியபடி கிளிசரோபொஸ்பேற் என்ற உப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டால் தண்ணீராகவே இருக்கும். உடம்புச் சூட்டுக்குச் சமமான 37 பாகைத் தண்ணீருக்குள் குழாயை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கவிழ்த்துப் பார்த்தால் கீழே வழியாது. அந்தக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் ஆய்வுகூடத்தில் செய்கிற முதல் சோதனையே. அப்புறம்தான் தலையிடி தொடங்கும். தடிப்பாக இருந்தால் ஊசியால் போகாது, நீர்த்தால் புண்ணிலிருந்து வழிந்துவிடும், தோல் வளர முன்னமே கரைந்தால் பயனில்லை, கரையாமல் கிடந்தால் உடம்பு அதைச் சுற்றி வேலி கட்டிவிடும், கிருமிநீக்கம் செய்யப்போனால் சிலவேளை பொலிமரே உடையும். இப்படியான ஜெல்களில் பல இன்னும் ஆய்வுகூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் நிற்கின்றன. அதாவது ஆள் தேவைப்படுகிற துறை, ஆனால் பொறுமை இல்லாத ஆளுக்குச் சரிவராது.

சரி, இதற்கு எந்தப் பட்டம்? இந்தப் பெயரில் பட்டம் தேட வேண்டாம், வாசல் இரசாயனவியல். மொறட்டுவையில் மூலப்பொருள் எந்திரவியல் நல்ல வழிதான், ஆனால் அதற்கு இணைந்த கணிதம் வேண்டும், பயோ படித்த பிள்ளைக்கு அந்தக் கதவு மூடி. அவளுக்குப் பொருந்துவது விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம் எடுத்து, முதல் வருடங்களில் நன்றாகச் செய்து, இரசாயனத்தில் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குள் போவது. பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு, ஜெயவர்தனபுர, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் எதுவானாலும் சரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் திருகோணமலையில் வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக அதைக் கேட்காதீர்கள், அங்கே சித்த மருத்துவமும் கணினியும் உண்டு, அவளுக்கு வேண்டியது இல்லை. இடம் கிடைக்காவிட்டால் ராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் நாலு வருடக் கற்கை இருக்கிறது, காசு கட்டித்தான் படிக்க வேண்டும், ஆனால் பெறுமதியான தகைமை.

டாக்டராகாமல் இதற்குள் போனால் மதிப்பு இல்லை என்றீர்கள். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான ரொபர்ட் லேங்கர் டாக்டரே இல்லை, இரசாயன எந்திரவியல் படித்தவர். படித்து முடித்ததும் பொஸ்டனில் யூதா போக்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் ஆய்வுகூடத்தில் போய்ச் சேர்ந்தார், பொலிமருக்குள்ளிருந்து பெரிய மூலக்கூறு மருந்துகளை மெதுவாகக் கசிய விடலாம் என்று 1976இல் இருவரும் காட்டினார்கள்.

இனி கசப்பானது. இங்கே பட்டம் முடித்தவுடன் ஊசிப் பொலிமர் செய்கிற வேலை கிடைக்காது. இலங்கையில் பொலிமர் வேலை என்றால் முக்கால்வாசி இறப்பர், அதாவது கையுறை, ரயர். அதைவிட்டால் பெயின்ற், பொதியிடல், மருந்து உற்பத்தி, ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம். ஊரோடு இருக்க வேண்டும் என்றால் ஆசிரியத் தொழில், அல்லது ஏதாவது ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடம். அவள் கேட்கிற வேலைக்குக் கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும், இன்றிலிருந்து பத்து வருடம் என்று மனதில் வையுங்கள். ஆனால் காணியை ஈடுவைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் இரசாயனக் கலாநிதிக் கற்கைக்கு எடுபட்டால் பொதுவாகக் கட்டணம் இல்லை, மாதாமாதம் கொடுப்பனவும் தருவார்கள், நாலு வருடப் பட்டத்தோடு நேரே விண்ணப்பிக்கலாம். அதற்கு நல்ல ஜிபிஏ, அதாவது பட்டப் படிப்பின் சராசரிப் புள்ளி, இறுதி வருட ஆய்வு, பிழையில்லாத ஆங்கில எழுத்து, இந்த மூன்றும்தான் காசு. ஏஜென்சிக்காரர் யாராவது பயோமெடிக்கல் என்று பளபளப்பான புத்தகத்தைக் காட்டி முற்பணம் கேட்டால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள், பேச்சு உடனே மாறும்.

மூன்றாந்தரம் பற்றி என் அபிப்பிராயம்: நூலிழையில் தவறியிருந்தால் எழுதட்டும் என்றிருப்பேன், இது நூலிழை இல்லை. கம்பஸ் இடங்களில் மாவட்ட ஒதுக்கீடு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு இன்னொரு 5 வீதம், இரண்டிலும் திருகோணமலை உண்டு, அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதே புள்ளியோடு விஞ்ஞான பீடத்தில் அவளுக்கு இடம் இருக்கிறது. ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி விருப்ப வரிசையை அவளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேனாவை வாங்காதீர்கள். ஒன்லைனில் அனுப்ப முன்னம் அந்த வரிசையைப் படமெடுத்து எனக்குப் போடுங்கள், மேலே கீழே மாற்ற வேண்டியது இருந்தால் அன்றைக்கே சொல்கிறேன்.