அந்தப் பாறை வீடுகள் யாருடையவை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குப் படங்களைப் பார்த்தேன். செங்குத்துப் பாறையின் நடுவே கல்வீடுகள், கீழே நவஹோ பழங்குடியினரின் மக்காச்சோளக் கொல்லைகள். முன்னோர் கட்டிய வீடுகளை விட்டுவிட்டு அவர்கள் ஏன் தரையில் வசிக்கிறார்கள்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவற்றைக் கட்டியவர்கள் நவஹோக்கள் அல்லர். இன்றைய ஹோப்பி, ஸூனி பழங்குடிகளின் முன்னோரான பழைய புவெப்லோ மக்கள். அங்குள்ள ‘வெள்ளை வீடு’ என்ற பாறைக் குடியிருப்பில் சுமார் 1060 முதல் 1275 வரை ஆட்கள் குடியிருந்தனர். 1276இல் தொடங்கி 1299 வரை நீண்ட வறட்சி மர வளையங்களில் பதிந்திருக்கிறது. 1300 வாக்கில் ஊரே காலியாகிவிட்டது. நவஹோக்கள் இங்கே குடியேறியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. இறந்தவர்கள் வாழ்ந்த இடத்தில் கால்வைக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. மரமும் மண்ணும் கொண்டு, கிழக்கு வாசல் வைத்துக் கட்டும் ஹோகான்தான் அவர்கள் வீடு.

பாறையில் அந்த வீடுகள் இருக்கும் குடைவு இயற்கையாக வந்தது. மணற்கல் மழைநீரை உறிஞ்சும். நீர் கீழே இறங்கி, இறுகிய அடுக்கில் முட்டிப் பக்கவாட்டில் கசியும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிய, பாறை பட்டை பட்டையாக உதிர்ந்து கூரை போல வளையும். தெற்கு பார்த்த குடைவில் தாழ்ந்த குளிர்கால வெயில் உள்ளே விழும். உச்சியில் நிற்கும் கோடை வெயில் விழாது. மழையும் படாததால்தான் மண்சாந்து இத்தனை காலம் நிற்கிறது.

நவஹோக்களின் வாழ்வு ஆற்றுப்படுகையைச் சார்ந்தது. 1864இல் அமெரிக்கப் படைத்தலைவர் கிட் கார்சனின் படையெடுப்பில் அவர்களைப் பணியவைக்க அவரது படை வீடுகளைக் கொளுத்தியது, பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டியது. பட்டினியில் சரணடைந்தவர்கள் நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அமெரிக்க அரசுடன் செய்த 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே திரும்பினார்கள். மறுபடி பீச் நட்டார்கள்.

அடுத்த சேதம் நல்லெண்ணத்தில் வந்தது. வெள்ளம் இடிபாடுகளை அரிக்காதிருக்க, 1930களிலிருந்து டாமரிஸ்க், ரஷ்ய ஆலிவ் என்ற அயல் மரங்களை அரசுத் துறையினர் கரையில் நட்டார்கள். வேர்கள் கரையை இறுக்கின. அகலமாகப் பரவி ஓடிய ஆறு ஒடுங்கி, படுகையை ஆழமாக அறுத்தது. வெள்ளம் கொல்லைமேட்டுக்கு ஏறவில்லை, நிலத்தடி நீரும் இறங்கியது. பிறகு அந்த மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்தே இரண்டும் மறுபடி துளிர்த்துவிடும்.