'எக்செர்ப்ட்' என்றால் என்ன? 'சம்மரி'யும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரு நூலிலிருந்தோ உரையிலிருந்தோ ஒரு பகுதியை எழுத்து மாறாமல் அப்படியே எடுத்துக் கொடுத்தால் அது எக்செர்ப்ட். சம்மரி என்பது படித்ததை நம் சொற்களில் சுருக்கிச் சொல்வது. நாவல் வெளிவரும் முன் அதன் ஓர் அத்தியாயத்தைப் பத்திரிகை போடுகிறதே, அது எக்செர்ப்ட். பின்னட்டையில் இருக்கும் கதைச்சுருக்கம் எக்செர்ப்ட் ஆகாது.

இதன் லத்தீன் மூலத்துக்கு 'பறித்தெடுத்தல்' என்று பொருள். செடியிலிருந்து பூவைக் கிள்ளி எடுப்பது போல. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே அதனால்தான். நம்மிடமும் பழைய நூல்கள் பலவற்றிலிருந்து பாடல்களை அப்படிப் பறித்துக் கோத்த நூல் உண்டு: புறத்திரட்டு. சேர, சோழ, பாண்டியரைப் பாடும் பழைய நூலான முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. இன்று நாம் படிக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களில் பெரும்பாலானவை புறத்திரட்டுக்காக யாரோ எடுத்துவைத்ததால் பிழைத்தவை. எக்செர்ப்ட் ஒரு நூலையே காப்பாற்றும்!

'எக்ஸ்ட்ராக்ட்' என்பதும் கிட்டத்தட்ட இதே பொருள்தான். ஆனால் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் மாதிரி சாறுக்கும் அந்தச் சொல் வரும். எக்செர்ப்ட் எழுத்து, இசை, திரைப்படம் போன்றவற்றுக்கு மட்டும்.

எழுதும்போது 'ஆன் எக்செர்ப்ட் ஃப்ரம்' என்று வரும். 'ஆஃப்' போடுவது அவ்வளவு பொருந்தாது. நடுவில் வரிகளை விட்டால் மூன்று புள்ளி வையுங்கள். அப்புறம், 'தவிர' என்று பொருள்படும் 'எக்செப்ட்' வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழில் 'நூலிலிருந்து ஒரு பகுதி' என்றாலே போதும்.