மங்கோலிய டிரெஸ் தைக்கப் போறீங்களா, முதல்ல காலரைப் பாருங்க

கேள்வி: குப்ளாய் கான் காலத்து மங்கோலியப் பொண்ணு டிரெஸ் நானே தைக்கணும்னு ஆசை. டேல்னு (மங்கோலியங்க போடுற நீள அங்கி) தேடினா பேட்டர்ன் நிறைய வருது, அதையே வெட்டிடலாமா? தலையில அந்த உயரமான தொப்பி எப்படிப் பண்றது?

பதில்: கத்தரிக்கோலைக் கீழ வெச்சுடுங்க முதல்ல. நீங்க பார்த்ததுல முக்கால்வாசி இப்போ மங்கோலியாவுல போடுற டேலாத்தான் இருக்கும், அதுல நிமிர்ந்து நிக்குற காலர், நெஞ்சுல படி மாதிரி வளைஞ்சு போற விளிம்பு, குதிரைக் குளம்பு மாதிரி கைநுனி எல்லாம் ரொம்பப் பின்னால, சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்து ஆட்சியில வந்து ஒட்டிக்கிட்டது. குப்ளாய் இருந்த 13ஆம் நூற்றாண்டுல காலர் நிக்காது. கழுத்துல இருந்து சாய்வா இறங்கும், இடப்பக்கத் துணி வலப்பக்கத்து மேல ஏறி வலது அக்குள் கிட்ட போய் முடிச்சு. இதை மட்டும் மாத்திப் போட்டுடாதீங்க, ஏன்னா 1253ல கிளம்பி குப்ளாயோட அண்ணன் மோங்கே கானோட முகாம் வரைக்கும் போன ரூப்ருக் வில்லியம்ங்கிற பாதிரியார் இதை மெனக்கெட்டு எழுதி வெச்சிருக்காரு, துருக்கியர் இடப்பக்கம் கட்டுவாங்க, மங்கோலியங்க எப்பவும் வலப்பக்கம்தான்னு.

தைபேல இருக்கிற தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துல குப்ளாயோட ராணி சாபியோட படம் இருக்கு. அதைப் பெரிசாக்கிப் பாருங்க, கழுத்தைச் சுத்தி வர்ற அந்த வேலைப்பாடு பட்டை மட்டுமே அரை நாள் பார்க்கலாம். அரண்மனைக்காரங்க போட்டது நாசிஜ்னு தங்க ஜரிகைத் துணி, மெல்லிசு காகிதத்துலயோ தோல்லயோ தங்கத் தகடு ஒட்டி இழை இழையா வெட்டி நெய்வாங்க. அதுக்கெல்லாம் போகாதீங்க, உடம்புக்கு ப்ளெயின் பட்டு, பட்டைக்கு மட்டும் கொஞ்சம் ஜரிகைன்னா போதும். டிராகன் போட்ட பாலியஸ்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது.

இப்போ தொப்பி. அதுக்குப் பேரு பொக்தாக். மரப்பட்டையை உருளையா சுருட்டி ஒரு முழத்துக்குக் குறையாம எழுப்பி, மேல சதுரமா விரிச்சு பட்டு போர்த்துவாங்க, உள்ள வெறும் காலிதான். உச்சியில இறகுத் தண்டாலயோ நாணலாலயோ மெல்லிசா ஒரு குச்சி நட்டு மயிலிறகு சொருகுவாங்க. இதைப் போட்ட பொம்பளைங்க கும்பலா குதிரையில வந்தா தூரத்துல ஈட்டி தூக்கின படைவீரங்க மாதிரி தெரியும்ங்கிறாரு அந்த பாதிரியார்.

நான் ஒருவாட்டி சார்ட் அட்டையில பண்ணேன், குனிஞ்சேன், நேரா காலடியில வந்து விழுந்துச்சு. அப்புறம்தான் திரும்பப் படிச்சா, முடியைக் கொண்டையா சேர்த்து மேல ஒரு முக்காடு போட்டு தாடைக்குக் கீழ இறுக்கிக் கட்டுவாங்களாம், அந்தக் கயிறை நான் அலங்காரம்னு நினைச்சு விட்டுட்டேன். இன்னொண்ணு, பொக்தாக் கல்யாணம் ஆனவங்க போடுறது. நீங்க தைக்கிறது கல்யாணம் ஆகாத பொண்ணு வேஷம்னா அந்த வேலையே மிச்சம்.