கடைமடை வரை போய்ச் சேர்ந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒன்றரை வருஷமாக முதன்மைச் செயல் அலுவலராக இருக்கிறேன். எனக்கு வயது 29. இயக்குநர்கள் பத்துப் பேரும் என் அப்பா வயதுக்காரர்கள். ஒருவர் அரிசி ஆலை போடலாம் என்கிறார், ஒருவர் உரக்கடை என்கிறார், இன்னொருவர் வாழைத்தார் வியாபாரம் என்கிறார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறேன். அலுவலகத்தில் இருக்கிற ஆறு பேரும் எதற்கெடுத்தாலும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் எடை போடுவதுகூட நின்றுவிடுகிறது. எனக்குத் தலைமை வராதோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: தங்கச்சி, திசை காட்டுகிற பொறுப்பு முழுவதையும் நீங்களாகவே தலையில் தூக்கி வைத்திருக்கிறீர்கள், முதலில் அதை இறக்கி வையுங்கள். கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். நீண்டகால இலக்கு, வருஷத்து இலக்கு, அதற்கான நிதித் திட்டம் எல்லாம் இயக்குநர் குழுவின் வேலை. அன்றாட நிர்வாகம் உங்கள் வேலை. பதவி வழியில் நீங்களும் அந்தக் குழுவில் ஓர் இயக்குநர்தான், அதனால் அங்கே வாய் திறந்து பேச உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது குழு கூட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஆனால் கூட்டத்தில் வைத்துப் பெரியவர்களை மடக்கிப் பேசினால் நம்ம ஊரில் காரியம் நடக்காது. கூட்டத்துக்கு முந்தின வாரம் பத்துப் பேர் வீட்டுக்கும் அல்லது வயலுக்கும் போங்கள். “அடுத்த பிசான நெல் அறுத்து முடிக்கும்போது நம்ம கம்பெனியால உங்களுக்கு என்ன நடந்திருக்கணும்?” என்று ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். அரிசி ஆலை என்று நிற்கிறவர் மனதில் நல்ல விலைதான் இருக்கும், வாழைத்தார் என்கிறவர் மனதிலும் அதேதான் இருக்கும். அப்புறம் கையில் இருக்கிற பணம், கிட்டங்கியில், அதாவது சேமிப்புக் கிடங்கில், இருக்கிற இடம், உறுப்பினர்கள் போன வருஷம் உண்மையில் எத்தனை மூட்டை கொண்டுவந்தார்கள் என்கிற கணக்கு, மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். ஆலை என்றால் வருஷம் முழுக்க நெல் வேண்டும், அறுப்புக் கூலிக்கும் கடனுக்கும் உடனே காசு தேவைப்படுகிற உறுப்பினர் களத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிட்டால் ஆலை சும்மா கிடக்கும். உரக்கடையில் கடன் பாக்கி நின்றால் முதலே முடங்கிவிடும். இதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை, தாளைப் பார்த்ததும் விவசாயிகள் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, மற்றதை ஒத்திவையுங்கள். “உரக்கடை பற்றி அடுத்த கார் நெல் சாகுபடி முடிந்த பிறகு பேசுவது” என்று தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுகிற பெரியவர்கூட, பிறகு பார்ப்போம் என்பதை எழுத்தில் பார்த்தால் பொறுத்துக்கொள்வார்.

இனி அந்த ஆறு பேர். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் பெரிய விஷயம் இதுதான். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, கடைசியில் இருப்பது ஸ்ரீவைகுண்டம். பாபநாசத்தில் தண்ணீர் திறந்தாயிற்று என்று பேப்பரில் வந்த அன்றைக்கே கடைமடைக்காரர் நாற்று பாவிவிட மாட்டார், தன் வரப்பில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் நம்புவார். நிறுவனத்தில் எடுக்கிற முடிவும் அப்படித்தான். இயக்குநர் கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்திருக்கும், கணக்காளருக்குப் பாதி புரியும், எடை போடுகிறவருக்கு ஒன்றுமே போய்ச் சேர்ந்திருக்காது.

நான் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தபோது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். எடைக்காரரிடம் கணக்கை மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஈர நெல் மூட்டைக்குள் சூடேறிக் கறுத்துப்போகும், அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. அது தெரிந்திருந்தால் மழையில் நனைந்த நெல்லோடு வந்த விவசாயியிடம் “நம்ம களத்துலயே ஒரு நாள் காயப் போடுங்க” என்று சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் 17 என்கிற எண்தான், அதனால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த விவசாயி அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை. தப்பு எடைக்காரர்மேல் இல்லை, என்மேல்தான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் வேலையைச் சொல்லும்போது அது எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் எதுவரை உங்களைக் கேட்காமல் முடிவு செய்யலாம், எத்தனை ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் எடுத்த முடிவு கொஞ்சம் பிசகினாலும் மற்றவர்கள் முன்னால் வைத்துத் திட்டாதீர்கள், திட்டினால் மறுநாளே பழையபடி உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்புறம் அடுத்த மாதம் வேண்டுமென்றே இரண்டு நாள் லீவு போடுங்கள், போனையும் எடுக்காதீர்கள். திரும்பி வந்து எந்தெந்த வேலை நின்றது என்று பாருங்கள். அங்கேதான் மடை அடைத்திருக்கிறது.

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பா நடத்திவந்த அப்பளக் கம்பெனியை இப்போது நான் பார்க்கிறேன். பல வருஷமாக அப்பளம் இடுகிற அக்காமார் எல்லாரும் என்னை இன்னும் “தம்பி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதை மாற்றச் சொன்னாலும் “உங்க அப்பா இப்படிச் செய்யமாட்டாவ” என்கிறார்கள். கண்டிப்பு காட்டலாமா?

பதில்: தம்பி என்று கூப்பிடுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, அதை விட்டுவிடுங்கள். “அப்பா செய்யமாட்டாவ” என்று யாராவது சொன்னால், “சரி அக்கா, அப்பா எப்படிச் செஞ்சாவ?” என்று உட்கார்ந்து கேளுங்கள். உளுந்து மாவின் பதமும், மேகம் போட்ட நாளில் எவ்வளவு நேரம் காயவைக்க வேண்டும் என்பதும் அவர்கள் கையில் இருக்கிறது, உங்கள் நோட்டில் இல்லை. இயந்திரம் வாங்குகிற யோசனை இருந்தால், அவர்கள் கூலி என்ன ஆகும் என்பதை இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்கிற மாற்றத்துக்கு எதிராக அவர்கள் பேசுவதில் பாதி அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி மூடப்பட்டதுதானே? பிறகு எப்படி அவரைத் தலைமைக்கு உதாரணமாகச் சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: உண்மைதான், 1911ல் மூடப்பட்டது, அப்போது அவர் சிறையில் இருந்தார். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது ஒரு பங்கின் விலை 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே நம்ம கப்பல் ஓட வேண்டும் என்பது பங்கு வாங்கினவருக்கும் புரிந்தது, வாங்க முடியாதவருக்கும் புரிந்தது. 1908ல் தூத்துக்குடி கோரல் மில் என்கிற நூற்பாலையின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி வ.உ.சி. இல்லை, ஆனாலும் அவர் பின்னால் நின்றார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை என்று என்ன கேட்கிறோம் என்பது கடைசித் தொழிலாளி வரை தெரிந்திருந்தது. கோரிக்கை ஜெயித்தது.

மார்ச் 12ஆம் தேதி அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொதித்தன. மக்கள் அவரோடு இருந்தார்கள். கட்டணத்தைக் குறைத்து மோதிய வெள்ளைக்காரக் கம்பெனியைச் சமாளிக்க அவர் இடத்தில் இன்னொருவர் உருவாகவில்லை என்பது என் கருத்து. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1906 அக்டோபரிலிருந்து கைதான நாள் வரை எண்ணிப் பாருங்கள், அவருக்குக் கிடைத்தது 17 மாதம்.