அடுப்படி டிசைன்: படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) எங்களுக்கு மாடியில்லாத வரிசை வீடு. பின்பக்கம் இழுத்துக் கட்டிப் பெரிய அடுப்படி ஆக்கப் போகிறோம். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த அம்மாதான் இன்றும் சமைக்கிறார். கட்டித்தரும் குத்தகையாளர் காட்டிய கம்ப்யூட்டர் படம் அருமையாக இருக்கிறது. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். டிசைன் நல்லதுதானா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெள்ளை கேபினெட், பளபளக்கும் டைல், தொங்கும் விளக்கு எல்லாம் இருக்கின்றன. பின் அறையின் ஜன்னலைத்தான் காணோம். இழுத்துக் கட்டினால் அது அடுப்படிக்குள் திறக்கும், மிளகாய் நெடி படுக்கைவரை வரும். அதனால் சுவர் வைத்து அடைத்துவிட்டார். இனி அந்த அறையில் பகலிலும் விளக்கு எரிய வேண்டியதுதான்.

காற்று எந்த வழியாக வரும், புகை எப்படி வெளியேறும், தண்ணீர் எங்கே வடியும், வேலை செய்கிறவருக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்து முடிவெடுப்பதுதான் டிசைன். நிறமெல்லாம் அப்புறம். யூ.பி.பி.எல். என்று குத்தகையாளர்கள் சொல்லும் 1984 கட்டடத் துணை விதிகளும் இதைக் கேட்கின்றன. தரைப்பரப்பில் 10 விழுக்காடு ஜன்னல் வேண்டும், 5 விழுக்காடு காற்றுக்குத் திறக்க வேண்டும். பத்துக்குப் பத்தடி அறைக்கு 10 சதுர அடி ஜன்னல், அதில் 5 சதுர அடி திறப்பு. ஆகவே அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே வானம் தெரியும்படி திறந்த இடம் விடச் சொல்லுங்கள். அதன் அளவுக்கும் விதி உண்டு. அடுப்படி சிறுத்துப் போகும். போகட்டும்.

மூலை வீடாக இருந்தால் மட்டும் கதை வேறு. பக்கச் சுவரில் புது ஜன்னல் வைக்கலாம், பின்பக்கத்தை முழுக்க மூடலாம். ஆனால் வரிசையின் கடைசியில் இருந்தால் மட்டும் மூலை வீடு ஆகாது. பக்கத்தில் உங்கள் கிராண்டுக்கு (நிலப் பட்டாவுக்கு) உட்பட்ட காலி நிலம் இருக்க வேண்டும். சுவரை ஒட்டியே அடுத்தவர் நிலம் தொடங்கினால் அந்தப் பக்கம் ஜன்னல் வைக்காதீர்கள். நாளை அவர் கட்டினால் அதுவும் அடைபடும். கிராண்டை எடுத்து எல்லையை அளந்து பாருங்கள்.

அடுத்தது அம்மா. ரப்பர் செருப்போடு நிற்கச் சொல்லி முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கைவரை அளந்து அதில் 10 முதல் 15 சென்டிமீட்டர் கழித்தால் வருவதுதான் அவருக்கான மேடை உயரம். படத்தில் 90 சென்டிமீட்டர் போட்டிருக்கிறார்கள். அம்மா குள்ளமானவர் என்றால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே காய் நறுக்குவார். பளபளக்கும் டைலும் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

கேஸ் சிலிண்டரை கேபினெட்டுக்குள் ஒளித்திருக்கிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும், மூடிய பெட்டிக்குள் தெரியாமல் சேரும். சிலிண்டரை வெளியே நிழலில் வையுங்கள்.

இப்போது பணம். "சின்ன வேலைதானே, பெர்மிட் வேண்டாம்" என்பவரையும், "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று தனியாகக் காசு கேட்கும் ஏஜெண்டையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1974 ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70 ஆம் பிரிவுப்படி ஊராட்சித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் வீட்டுக்காரர் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஏஜெண்டின் போன் அன்றைக்கு எடுபடாது. இந்த ஏஜெண்டுகள் பிழைப்பதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். எத்தனை நகல், எங்கே முத்திரை என்று துருவுகிற முகப்பிடங்களில் என்ன வரைந்து கொண்டுவர வேண்டும் என்று விளங்கும்படி ஒரு தாள்கூடக் கிடைப்பதில்லை. தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வைக்க என்ன செலவாகிவிடும்? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

அளவு போட்ட தரைப்படமும் கூரைச் சரிவு தெரியும் வெட்டுப்படமும் கேளுங்கள். குத்தகையாளருக்குக் கட்டுமானத் தொழில் வாரியமான சி.ஐ.டி.பி.யின் பதிவு இருக்கிறதா என்று சரிபாருங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே தராதீர்கள். அடித்தளம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணையை ஒரு கனமழை பெய்யும்வரை பிடித்து வையுங்கள். பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் இடம் ஒழுகுகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும்.