கிட்டோனாவில் இறங்கிய விமானங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரம் ருவாண்டா ஆதரவுக் கிளர்ச்சியாளர்களிடம் விழுந்ததிலிருந்து காங்கோ பற்றிப் படித்துவருகிறேன். கேரளத்தைவிடச் சிறிய ருவாண்டா, தன்னைப்போல் கிட்டத்தட்ட 90 மடங்கு பெரிய நாட்டுக்குள் 1998-ல் எப்படிப் புகுந்தது? செல்போனுக்கான கோல்டான் தாதுவுக்காக நடந்த போர்தானே அது? யாருமே தண்டிக்கப்படவில்லையா? ஆப்பிரிக்கர்கள் இனக்குழு மனநிலையை இன்னும் தாண்டவில்லையோ என்றும் தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

கடைசி வரியை நீக்கிவிட்டால் நல்ல கடிதம். 'இனக்குழு மனநிலை' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்துக்குப் பழகிவிடாதீர்கள்.

போர் தொடங்கியது 1998 ஆகஸ்ட் 2. கோல்டான் விலை எகிறியது 2000-ல். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் சுரங்கம் பெரும் வருமானமாயிற்று. தன் மண்ணில் 1994 இனப்படுகொலையைச் செய்துவிட்டு எல்லை தாண்டியவர்கள் காங்கோவின் கிழக்கோரக் கிவு பகுதியிலிருந்து தாக்குகிறார்கள் என்றது ருவாண்டா. பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 1997-ல் காங்கோவின் சர்வாதிகாரி மொபுட்டுவை விரட்டி லோரான் கபிலாவை அதிபர் பதவியில் வைத்ததே ருவாண்டாதான். ருவாண்டா அதிகாரி ஜேம்ஸ் கபரேபே காங்கோ ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தார்! 1998 ஜூலையில் கபிலா அவரை நீக்கினார், வெளிநாட்டுப் படைகளைக் கிளம்பச் சொன்னார். சில நாளில் கோமாவில் கலகம்.

'எப்படி' என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. ஆனால் நீங்கள் பரப்பளவைப் பார்க்கிறீர்கள். கிழக்கிலிருந்து தலைநகர் கின்ஷாசாவுக்கு ஒழுங்கான சாலை கிடையாது. மழைக்காலத்தில் லாரி அச்சுவரை புதையும். ஆளும் தோட்டாவும் எரிபொருளும் விமானத்தில்தான் போயாக வேண்டும். ஆகவே ஓடுதளங்களை எண்ணுங்கள். 2025 பிப்ரவரியிலும் முதலில் கவுமு விமான நிலையம் போனது, பிறகுதான் புகாவு நகரம்.

ஆகஸ்ட் 4 அன்று கபரேபே, கோமாவில் கைப்பற்றிய பயணிகள் விமானங்களில் ஆட்களை ஏற்றி, நாட்டின் மறுகோடியில் அட்லாண்டிக் கரையருகே கிட்டோனா படைத்தளத்தில் இறக்கினார். ஏன் கிட்டோனா? அங்கே பெரிய ஓடுதளம் இருந்தது. மொபுட்டுவின் பழைய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் 'மறுகல்வி' முகாமில் வாடிக் கிடந்தார்கள். துப்பாக்கி நீட்டினால் சேர்ந்துகொள்வார்கள் என்பது கணக்கு. சேர்ந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தலைநகரின் தொண்டைக்குழி அந்தப் பக்கம்தான்: மட்டாடி துறைமுகம், இங்கா அணை. ஆகஸ்ட் நடுவில் இரண்டும் கைமாறின. அணையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மின்சாரம் போனால் குடிநீர் பம்பும் ஓடாது. கின்ஷாசா இருட்டிலும் தாகத்திலும் தவித்தது.

கணக்கு தப்பியது அங்கோலாவில். கிட்டோனாவுக்கு வடக்கே, ஒட்டினாற்போல், அங்கோலாவின் எண்ணெய் விளையும் கபிந்தா. கபிலா விழுந்தால் அங்கோலா அரசை எதிர்த்துப் போராடிய சவிம்பியின் யுனிட்டா படை மறுபடி காங்கோவில் கூடாரமடிக்கும் என்ற பயம் வேறு. அங்கோலா அரசு சும்மா இருக்குமா? ஆகஸ்ட் 20-க்குப் பிறகு அங்கோலாப் படை கபிந்தாவிலிருந்து இறங்கிக் கிட்டோனாவைப் பிடித்தது. ஓடுதளம் போயிற்று, அதோடு தோட்டாவும் போயிற்று. கபரேபேயின் ஆட்கள் கின்ஷாசாவின் இன்ஜிலி விமான நிலையம்வரை முன்னேறி, கபிலாவுக்கு உதவ வந்த ஜிம்பாப்வே படையிடம் அடிவாங்கினார்கள். வட அங்கோலாவுக்குள் பின்வாங்கி, அங்கும் ஒரு ஓடுதளத்தைப் பிடித்து, அதன் வழியாகத்தான் ஊர் திரும்பினார்கள்.

அதற்குள் அண்டை நாட்டுச் சண்டை பிராந்தியப் போராகிவிட்டது. அங்கோலா, ஜிம்பாப்வே, நமீபியா, சாட் கபிலாவின் பக்கம். ருவாண்டா, உகாண்டா, புருண்டி மறுபக்கம். தன் சிப்பாய்கள் காங்கோவில் இருப்பதை ருவாண்டா ஒத்துக்கொண்டதே நவம்பரில்தான். 2000 ஜூனில் ருவாண்டாவும் உகாண்டாவும் கிசங்கானி நகரத்தில் 6 நாள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இதை எந்த இனக்குழுக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

தண்டனை பற்றி: காங்கோவுக்கு 32.5 கோடி டாலர் இழப்பீடு தரும்படி 2022-ல் உகாண்டாவுக்குச் சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது. ருவாண்டா மீதான வழக்கை, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று அதே நீதிமன்றம் 2006-லேயே தள்ளிவிட்டது.